ரேஸ் கண்டிஷனுக்கு பேட்ச் அனுப்பும் முன் ஒரு தாளை எடுங்கள்

லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஒரு ரேஸை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழையைச் சரிசெய்துவிட்டேன் என்று பேட்ச் (திருத்தம்) அனுப்பினால், ரிவ்யூ செய்பவரிடமிருந்து முதலில் வரும் பதில் பெரும்பாலும் "ரேஸ் எங்கே இருக்கிறது?" என்பதுதான். புதிதாக வருபவர்கள் பலருக்கு இதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போகிறது. கேட்பவர் உங்களை மட்டம் தட்டவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை, நீங்கள்தான் காட்ட வேண்டும்.

எனக்கு இது புரிந்தது ஒரு டிவைஸ் டிரைவரில், அதாவது ஒரு கருவியை இயக்கும் கர்னல் நிரலில். கருவியைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் எப்போதாவது ஒருமுறை கர்னல் விழும். கருவியைப் பிடுங்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் மெமரியை விடுவிப்பதற்கு முன்னால் 10 மில்லி செகண்ட் தூக்கம் (ஸ்லீப், வெறும் காத்திருப்பு) ஒன்றைச் சேர்த்தேன், விழுவது நின்றுவிட்டது, சந்தோஷமாக அனுப்பிவிட்டேன். "இது பிழையைத் திருத்தவில்லை, மறைக்கிறது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றைக்கு ரொம்பக் கோபம் வந்தது. அடுத்த நாள் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சிபியு 0, வலப்பக்கம் சிபியு 1 என்று எழுதினேன். வலப்பக்கம்: ஒர்க்க்யூவில் (பிறகு செய்ய வைத்த வேலைகளின் வரிசையில்) இருந்த வேலை தொடங்குகிறது, பாயின்டரை (மெமரி முகவரியை) எடுக்கிறது. இடப்பக்கம்: ரிமூவ் ஓடுகிறது, அதிலுள்ள கேஃப்ரீ ஃபங்ஷன் அந்த மெமரியை விடுவிக்கிறது. மறுபடி வலப்பக்கம்: அதே பாயின்டரைப் படிக்கிறது. அவ்வளவுதான், நாலு வரி. தூக்கம் போட்டாலும் இந்த வரிசை நடக்கத்தான் செய்யும், கொஞ்சம் அரிதாக நடக்கும்.

எழுதியதும் திருத்தமும் தெரிந்துவிட்டது: கேஃப்ரீக்கு முன்னால், வரிசையில் உள்ள வேலையை ரத்து செய்யும் கேன்சல்_ஒர்க்_சிங்க் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும்வரை அது காத்திருக்கும். இரண்டாம் பதிப்புக்கும் ஒரு குறை வந்தது. கேன்சல் முடிந்த பிறகு இன்டரப்ட் (கருவி சிபியுவுக்கு அனுப்பும் அழைப்பு) வந்தால் வேலை மறுபடி வரிசையில் ஏறிவிடுமே? சரியான கேள்வி. முதலில் இன்டரப்ட்டை விடுவிக்க வேண்டும், அப்புறம் வேலையை ரத்து செய்ய வேண்டும், கடைசியில்தான் மெமரி. அந்த நாலு வரியையும் பேட்ச் விளக்கத்திலேயே போட்டு மூன்றாம் பதிப்பை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

"இதெல்லாம் நடைமுறையில் நடக்காது" என்று யாராவது சொன்னால், அது நீங்களாகவே இருந்தாலும், டர்ட்டி கவ் ஓட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 2007-இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து 2016 வரை தாக்குதலுக்குப் பயன்படுத்தக்கூடியதாகக் கர்னலுக்குள் இருந்த ரேஸ் அது. சாதாரணப் பயனர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) ஆகிவிட முடிந்தது. 11 வருடம் முன்பே தான் திருத்த முயன்றதையும், அந்தத் திருத்தம் வேறு சிக்கலால் திரும்பப் பெறப்பட்டதையும், அன்று ஏட்டளவில் இருந்த ரேஸ் இப்போது எளிதாகத் தூண்டக்கூடியதாகிவிட்டதையும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016 திருத்தத்தின் விளக்கத்திலேயே எழுதினார். தன் பழைய முயற்சி சரியாக அமையவில்லை என்று அவரே அங்கே ஒப்புக்கொள்கிறார், எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

கருவிகளும் உண்டு. லாக் என்பது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு; லாக்குகளைப் போடும் வரிசை தப்பினால் லாக்டெப் என்ற கருவி கத்தும், லாக் இல்லாமல் இரண்டு பக்கம் ஒரே மாறியைத் தொட்டால் 2020-இல் 5.8 பதிப்போடு வந்த கேசிசான் சொல்லும். ஆனால் கேசிசானின் வாயை அடைக்க, மாறியைப் படிக்கும் இடத்தில் போடும் ரீட்_ஒன்ஸை எல்லா இடத்திலும் தெளிக்காதீர்கள். அது கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும், ஒரு எண்ணைப் படித்து ஒன்று கூட்டி எழுதுவதை அடாமிக் (நடுவில் யாரும் புக முடியாத ஒரே செயல்) ஆக்காது. இப்படித் தெளித்த பேட்ச்களுக்குத்தான் காட்டமான பதில் வரும், நியாயமும்கூட.

பதில் எழுதும்போது ஒவ்வொரு குறைக்கும் அதன் அடியிலேயே எழுதுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். ரிவ்யூ செய்தவர் சொன்னது தவறு என்று தோன்றினால் "சோதித்தேன், ஓடியது" என்று சொல்லிப் பயனில்லை. ரேஸ் விஷயத்தில் ஓடியது என்பதற்கு மதிப்பே கிடையாது. எந்த லாக் எந்த இரண்டு வரியைப் பிரிக்கிறது என்று காட்டுங்கள், அவரே ஒப்புக்கொள்வார், அல்லது உங்கள் ஓட்டை உங்களுக்கே தெரியும். ஆளைப் பற்றிக் கேவலமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, 2018 முதல் கர்னலுக்கு நடத்தை விதிகள் இருக்கின்றன. "இந்தப் பேட்ச் தப்பு" என்பது அந்தக் கணக்கில் வராது.

புதிய பதிப்பை அன்று மாலையே அனுப்பிவிடாதீர்கள், மற்றவர்களும் படிக்கட்டும். பேட்ச் விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோட்டுக்குக் (---) கீழே என்ன மாறியது, யார் சொல்லி மாறியது என்று எழுதுங்கள். பதிலே வரவில்லை என்றால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து மறுபடி அனுப்பலாம்.