வெர்டிக்கியோவுக்கு என்ன சமைப்பது?

மீனுக்கு வெள்ளை ஒயின் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்த மீன், அதை எப்படிச் சமைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இத்தாலியின் கிழக்குக் கரையில் உள்ள மார்க்கே பகுதியின் வெர்டிக்கியோதான் எனக்கு மிகவும் பிடித்த வெள்ளை ஒயின். நல்ல புளிப்பு இருக்கும். விழுங்கிய பிறகு பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பு நாக்கில் தங்கும். இந்த இரண்டுக்கும் ஏற்றபடி உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். காஸ்டெல்லி டி யேசி என்றிருந்தால் அட்ரியாடிக் கடலை நோக்கிய குன்றுகளில் விளைந்தது. மாட்டெலிகா என்றிருந்தால் மலைகளுக்கு நடுவே, கடலிலிருந்து மறைந்த பள்ளத்தாக்கில் விளைந்தது. அங்கே இரவுக் குளிர் அதிகம் என்பதால் புளிப்பு இன்னும் இறுக்கமாக இருக்கும். ரிசெர்வா என்பது குறைந்தது 18 மாதம் முதிர்ந்தது. 1950களில் பிரபலமான, ஜாடி போல வளைந்த பச்சைப் பாட்டிலை இன்றும் பார்க்கலாம். அழகுதான், ஆனால் உள்ளே இருக்கும் ஒயினின் தரத்தை அது சொல்லாது.

இளம் ஒயினை 8 முதல் 10 டிகிரியில் பரிமாறுங்கள், ரிசெர்வாவை 12 டிகிரியில். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் அடங்கிப்போய்ப் புளிப்பு மட்டுமே தெரியும். நல்ல ஒயினை அப்படி வீணாக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இளம் ஒயினுக்கு எண்ணெயில் பொரித்தது எதுவும் பொருந்தும். ஆஸ்கோலி ஊரின் ஆலிவ் காய்களில் கொட்டையை நீக்கி, இறைச்சியை அடைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். ஒரு காய், ஒரு வாய் ஒயின்; எண்ணெய்ப் பிசுக்கு போய் நாக்கு அடுத்த காய்க்குத் தயாராகிவிடும். மார்க்கேயின் துறைமுக நகரமான அங்கோனாவின் ப்ரொடெட்டோ மீன் குழம்பு வேறு விதம். மரபுப்படி 13 வகை மீன்கள் சேரும். தக்காளியும் வினிகரும் உண்டு. குழம்பின் புளிப்புக்கு ஒயினின் புளிப்பு ஈடுகொடுக்காவிட்டால் ஒயின் சப்பென்றாகிவிடும். இதற்கு நான் மாட்டெலிகாவைத்தான் திறப்பேன்.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது ஸ்டொக்காஃபிஸ்ஸோ. உப்பிடாமல் காயவைத்த காட் மீனை நன்றாக ஊறவைக்க வேண்டும். அடிபிடிக்காமல் இருக்கப் பானையின் அடியில் நாணல் தண்டுகளைப் பரப்பி, அதன்மேல் மீன், தக்காளி, பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, வெர்டிக்கியோவும் சேர்த்துச் சிறு தீயில் வைப்பார்கள். கரண்டியால் கிளறவே கூடாது, மீன் உதிர்ந்துவிடும். எண்ணெயைக் குடித்து மஞ்சளாக வெந்திருக்கும் அந்த உருளைக்கிழங்கோடு சில ஆண்டுகள் முதிர்ந்த ஒரு கிளாசிகோ சுப்பீரியோரே (யேசியின் பழைய விளைநிலப் பகுதியில் விளைந்த, சற்றே வலுவான வெர்டிக்கியோ) குடித்துப் பாருங்கள்.

இறைச்சிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். காட்டுப் பெருஞ்சீரகமும் பூண்டும் வைத்துச் சுட்ட முயலுக்கும், பாஸ்தா தாள்களுக்கு இடையே இறைச்சிக் கலவையும் பெஷமெல் என்ற வெள்ளை பால் சாஸும் அடுக்கடுக்காய் வைத்த வின்சிஸ்கிராஸ்ஸிக்கும் ரிசெர்வா தாங்கும். கடுங்காரமும் இனிப்பும் வேண்டாம். கேக்குக்குப் பக்கத்தில் வைத்தால் இந்த ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குள் சிப்பி வாங்குங்கள். அங்கோனாவுக்கு அருகே போர்ட்டோநோவோ பாறைகளில் தானாக வளரும் சிப்பிகளை அவ்வூரார் மொஷோலி என்பார்கள். அவை கிடைத்தால் இன்னும் நல்லது. பூண்டும் எண்ணெயும் சூடானதும் சிப்பியைப் போட்டு, அரைக் கோப்பை ஒயின் ஊற்றி, மூடிவிடுங்கள். வாய் திறந்ததும் இறக்குங்கள், திறக்காதவற்றை எறிந்துவிடுங்கள். உப்பு போடாதீர்கள், சிப்பிக்குள் இருக்கும் கடல்நீரே போதும்.