பனியன் கம்பெனி ஃபைல் சர்வரில் நடக்கும் தவறுகள்

திருப்பூரில் பல பனியன் கம்பெனி ஆபீஸ்களில் ஃபைல் சர்வர், அதாவது எல்லோரும் ஃபைல் வைக்கும் பொது ஃபோல்டர், ஒரே மாதிரிதான் பிறக்கிறது. அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவை ஷேர் செய்து, 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்' (யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம்) கொடுத்துவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது. "எல்லாத்துக்கும் தொறந்து உட்டுருங்க தம்பி, பொறவு பாத்துக்கலாம்" என்பார் முதலாளி. அந்தப் பொறவு வருவதே இல்லை.

என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். டெக் பேக்கை (உடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் உள்ள ஃபைல்) ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் திருத்த வேண்டும். பேட்டர்ன் மாஸ்டருக்குப் பார்த்தால் போதும். சம்பளப் பட்டியல் இருவர் கண்ணிலும் படக்கூடாது. அனுமதியை ஆள் பெயருக்குக் கொடுக்காமல் பிரிவு வாரியாகக் குரூப் போட்டுக் கொடுங்கள். ஆள் வேலையை விட்டுப் போனால் அவருடைய லாகினை முடக்கினால் போதும், ஃபோல்டர் ஃபோல்டராகத் தேட வேண்டாம்.

விண்டோஸில் ஷேர் அனுமதி (நெட்வொர்க் வழியாக வருபவருக்கு மட்டும்) வேறு, என்.டி.எஃப்.எஸ். அனுமதி (டிஸ்க்கில் உள்ள ஃபைல், ஃபோல்டருக்கே போடுவது) வேறு. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். இது தெரியாமல் ஒன்றை மாற்றிப் பார்த்து, ஃபோல்டர் திறக்கவில்லை என்றதும் இரண்டையும் அகலத் திறந்துவிடுகிறார்கள்.

விளைவு, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது தெரியும். 'பையர் அனுப்பிய பி.ஓ.' (பர்ச்சேஸ் ஆர்டர்) என்று வந்த போலி மெயிலை ஒருவர் திறந்தாலும், அவருக்கு எழுதும் உரிமை உள்ள ஃபோல்டர்கள் அத்தனையும் பூட்டிக்கொள்ளும்.

பழைய ஸ்கேனர் ஷேர் ஃபோல்டரில் சேமிக்க வேண்டும் என்று, ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்ப ஆன் செய்வதும் இதே ரகம்தான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பச் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட்டைத் திறப்பது அதைவிட மோசம். வி.பி.என். (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரப் பாதுகாப்பான தனிவழி) போடுங்கள்.

அடுத்தது பேக்கப். "ரெண்டு டிஸ்க் ரெய்டுல இருக்குதுங்களே" என்பார்கள். ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் முறை, டிஸ்க் கெட்டுப்போவதற்குத்தான் மருந்து. ஒரு டிஸ்க்கில் அழித்தது அந்த நொடியே மற்றதிலும் அழியும். ஷேர் ஃபோல்டரில் அழித்த ஃபைல் சாதாரணமாக உங்கள் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. எப்போதும் சொருகியே கிடக்கும் யு.எஸ்.பி. டிஸ்க்கையும் ரான்சம்வேர் விடாது. ஒரு பிரதியாவது கழற்றி, வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது பழைய ஆர்டர் ஃபோல்டரை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. விண்டோஸ் 10, 11-ஐயே சர்வராக வைத்தால் ஒரே சமயத்தில் 20 கம்ப்யூட்டர் வரைதான் இணையலாம். பெரிய ஆபீஸுக்கு நாஸ் (நெட்வொர்க்கில் நேரடியாக மாட்டும் ஃபைல் சேமிப்புப் பெட்டி) அல்லது விண்டோஸின் சர்வர் பதிப்பு வேண்டும். சர்வரின் ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் ஐ.பி.யை வைத்து மேப் செய்த டிரைவெல்லாம் ஒருநாள் காலையில் சிவப்புப் பெருக்கல் குறி காட்டும். பழைய 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்ச் நொடிக்கு 12.5 மெகாபைட்டைத் தாண்டாது. எம்ப்ராய்டரி, பிரிண்ட் டிசைன் ஃபைல் திறக்க நேரமானால் சர்வரைத் திட்டுமுன் அதைப் பாருங்கள்.

தையல் ஹாலுக்குப் பக்கத்தில் சர்வரை வைக்காதீர்கள். பஞ்சுத் தூசி ஃபேனில் அடைத்து, சூட்டிலேயே நின்றுவிடும். யு.பி.எஸ். வாங்கினால் மட்டும் போதாது. பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஷட்டவுன் ஆக, யு.பி.எஸ்.ஸோடு வரும் யு.எஸ்.பி. கேபிளையும் இரண்டுக்கும் நடுவே மாட்டுங்கள். நிறைய இடங்களில் அது அட்டைப் பெட்டியை விட்டே வெளியே வந்திருக்காது.