தூதரகம் கொடுத்த பிசிசிக்கு அப்போஸ்டில் கிடைக்காது

லண்டனில் இருந்துகொண்டே ஸ்பெயினின் டிஜிட்டல் நோமாட் விசாவுக்கு (வெளிநாட்டு வேலையை ஆன்லைனில் பார்த்தபடி அங்கே வசிக்க அனுமதிக்கும் விசா) விண்ணப்பித்தேன். கடந்த 2 ஆண்டுகளில் வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் குற்றப் பின்னணி இல்லை என்று காட்டும் போலீஸ் சான்றிதழ் (இந்தியாவில் இதன் பெயர் பிசிசி) வேண்டும், அதில் அப்போஸ்டிலும், அதாவது ஆவணத்தின் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் சான்றும், இருக்க வேண்டும். நான் இந்தியாவை விட்டு வந்து 14 மாதம்தான் ஆகியிருந்தது. ஆக, இரண்டு நாட்டுச் சான்றிதழ்.

பிரிட்டன் சான்றிதழில் சிக்கல் இல்லை. இந்திய பிசிசியை இங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக வாங்கினேன். விசா கவுண்ட்டரில் அப்போஸ்டில் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். பிரிட்டனில் ஒட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், இங்கே பிரிட்டன் ஆவணங்களுக்கு மட்டும்தான் தருவார்களாம். டெல்லிக்கு கூரியர் அனுப்பலாமா என்று ஒரு ஏஜென்டைக் கேட்டேன். "முடிச்சிரலாம் சார்" என்றவர், பத்து நாள் கழித்துக் கையை விரித்தார்.

காரணம், அப்போஸ்டில் முறையை உருவாக்கிய 1961 ஹேக் உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. தூதரக அதிகாரிகள் வழங்கும் ஆவணங்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது. தாளில் அசோகச் சின்னம் இருந்தாலும் கையெழுத்து தூதரகத்தினுடையது என்பதால் கதை முடிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சென்னையில் பாஸ்போர்ட் சேவா கேந்திரா மூலம் புதிதாக பிசிசி எடுத்தேன், 500 ரூபாய். எந்த நாட்டுக்கு என்று கேட்கும் இடத்தில் ஸ்பெயின் என்றே போட்டேன். அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர், இத்தனை அலைச்சலும் அதற்குத்தான்.

ஸ்பானிய மொழிபெயர்ப்பை அதற்குப் பிறகே கொடுத்தேன். முதலில் கொடுத்திருந்தால் ஸ்டிக்கரில் உள்ள வாசகம் விடுபட்டு, இன்னொரு முறை பணம் கட்ட வேண்டியிருக்கும். இந்த முறை கவுண்ட்டரில் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.