தீவுப் பல்லியும் கேரம் காயும்: பரிணாமம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு கேரம் கிளப்பில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சூடுபிடிப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் அறிவியல் சொல்லித் தருகிறேன். போன மாதம் குரோஷியத் தீவுப் பல்லிகளின் கதையைச் சொன்னேன். 1971-இல் ஏட்ரியாட்டிக் கடலில் பொட் கொபிஷ்டே என்ற குட்டித் தீவிலிருந்து ஐந்து ஜோடி இத்தாலியச் சுவர்ப் பல்லிகளைப் பிடித்துப் பக்கத்திலிருந்த பொட் மர்ச்சாரு தீவில் விட்டார்கள். நம் வீட்டுச் சுவரில் ஒட்டும் பல்லி இல்லை இது. பார்க்க அரணை மாதிரி இருக்கும். ஏறக்குறைய 35 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது அந்தப் பத்தின் வாரிசுகளுக்குத் தலை பெருத்திருந்தது, கடி வலுத்திருந்தது. பூச்சிதான் முக்கிய உணவாக இருந்த பல்லி, கோடையில் பாதிக்கு மேல் செடி கொடிகளையே தின்றது. குடலில் உணவை நிறுத்திச் செரிக்கவைக்கும் மடிப்புகள்கூட வந்திருந்தன.

கேட்டு முடித்ததும் ஒரு பையன், "அண்ணே, இலை தின்னணும்னு முயற்சி பண்ணிப் பண்ணித்தான் வயிறு மாறிச்சா?" என்றான்.

நல்ல கேள்வி. பெரியவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறோம். அதற்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'சூழலுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது' என்று எழுதும்போது அந்தக் 'கொண்டது' முழு வேலையையும் பல்லியின் தலையில் ஏற்றிவிடுகிறது. பல்லி எதையும் திட்டமிடவில்லை. பிறக்கும்போதே கொஞ்சம் பெரிய தலையோடு பிறந்தவை இலையைக் கடிக்க முடிந்ததால் அதிகக் குஞ்சுகளை விட்டுச் சென்றிருக்கும். சிறிய தலைக்காரர்களின் வாரிசுகள் குறைந்திருக்கும். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு மாறுவதுதான் இயற்கைத் தேர்வு. ஒரு தனிப் பல்லி தன் வாழ்நாளில் பரிணமிப்பதில்லை.

'இருக்கும்' என்று நான் தயங்கிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கண்ணில் படும் மாற்றம் எல்லாம் மரபணுவில் நடந்த மாற்றம் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. பஹாமாஸ் தீவுகளில் பழுப்பு அனோல் என்ற பல்லி இருக்கிறது. அகலமான மரத்தண்டில் வாழ்பவற்றுக்குப் பின்னங்கால் நீளம், மெல்லிய குச்சிகளில் வாழ்பவற்றுக்குக் குட்டை. ஆனால் ஒரே இடத்துக் குஞ்சுகளை ஆய்வகத்தில் பிரித்து, பாதியை அகலமான பரப்பிலும் பாதியை மெல்லிய குச்சியிலும் வளர்த்துப் பார்த்தபோது, அகலப் பரப்பில் வளர்ந்தவற்றின் கால் சற்று நீண்டே வளர்ந்தது. மரபணு மாறவே இல்லை, வளர்ந்த விதம்தான் மாறியது. உடற்பயிற்சி செய்பவரின் தோள் அகலமாவது போல. பொட் மர்ச்சாரு பல்லிகளை 2008-இல் விவரித்த ஆய்வாளர்களும் இந்த மாற்றங்களுக்கு மரபணு அடிப்படை உண்டா என்பதை இனிமேல்தான் சோதிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பார்த்த டிஎன்ஏ ஒன்றைத்தான் உறுதிப்படுத்தியது: இவை அந்த ஐந்து ஜோடியின் வழி வந்தவையே. 'புதிய இனம் பிறந்தது' என்று பரப்பப்படும் செய்தி தவறு. இரண்டு தீவிலும் இருப்பது ஒரே இனம்தான்.

சரி, இனி எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் தவறுக்கு வருகிறேன். சின்னத் தீவில் எந்த வித்தியாசத்தைக் கண்டாலும் உடனே 'இது எதற்குப் பயன்படுகிறது?' என்று தேடுகிறோம். பல நேரம் அது எதற்கும் பயன்படாது, தற்செயலாக வந்ததாகவே இருக்கும்.

அந்தப் பையனிடம் கேரம் காய்களைக் கொட்டச் சொன்னேன். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டோம். ஒவ்வொரு பல்லியிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். ஒரு ஜோடி தீவில் போய்ச் சேர்ந்தால் நான்கு பிரதிகள். கண்ணை மூடிக்கொண்டு நான்கு காய் எடுக்கச் சொன்னேன். சிவப்பு வரவில்லை. மறுபடி எடுத்தான், வரவில்லை. கணக்குப்படி ஐந்தில் ஏறக்குறைய நான்கு முறை சிவப்பு பையிலேயே தங்கிவிடும். சிவப்பு கெட்ட காய் என்பதாலா? இல்லை, எடுத்தது நான்கே காய் என்பதால். அரிய மரபணு வகை ஒன்று தீவில் இல்லாமல் போவதற்கு இதுவே போதும். இதை நிறுவனர் விளைவு என்பார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளிலும் இதே குலுக்கல் தொடர்ந்தால் அது மரபணு நகர்வு.

அப்புறம் இன்னொன்றும் செய்தோம். எடுத்த காயின் நிறத்தைக் குறித்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டு, 20 முறை எடுப்பது. அதாவது ஐந்து ஜோடி. இப்போது மூன்றில் இரண்டு முறை சிவப்பு ஒரு தடவையாவது வந்துவிடும். ஆகவே குறைவான எண்ணிக்கையில் தொடங்குவது மட்டுமே பேரிழப்பு இல்லை, நீண்ட காலம் குறைவாகவே இருப்பதுதான் அரிக்கிறது. பத்துப் பேர் கொண்ட கூட்டம் ஒரு தலைமுறையில் தன் மரபணு வேறுபாட்டில் சுமார் 5 சதவீதத்தை இழக்கும். வேகமாகப் பெருகிவிட்டால் இழப்பு அதோடு நிற்கும். பத்தாகவே இருந்தால் 14 தலைமுறைக்குள் பாதி போய்விடும்.

தற்செயல் பெரிதா, தேர்வு பெரிதா என்று இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதும் வேண்டாம். 2004-இல் ஃபிரான்சஸ் புயல் பஹாமாஸின் சில குட்டித் தீவுகளில் பல்லிகளைத் துடைத்தெடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் மரங்கள் அடர்ந்த ஒரு தீவிலிருந்து அனோல்களைப் பிடித்து, தீவுக்கு ஒரு ஆண், ஒரு பெண் என ஏழு தீவுகளில் விட்டார்கள். குச்சிச் செடிகளே இருந்த அந்த ஏழிலும் சில ஆண்டுகளில் பின்னங்கால் குட்டையாகிக்கொண்டே வந்தது. அது தேர்வின் கை. ஆனால் நீண்ட கால் ஜோடி இறங்கிய தீவில் வாரிசுகளுக்கும் மற்றத் தீவுகளைவிட நீண்ட காலே இருந்தது. அது முதல் ஜோடியின் தற்செயல். இந்த ஆய்வைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே உடம்பில் இரண்டின் தடத்தையும் அளந்து காட்டியிருக்கிறார்கள்!

தலைகளை மட்டும் எண்ணுவதும் தவறு. கலாபகோஸின் எஸ்பனோலா தீவில் பெரிய ஆமைகள் 14 மட்டுமே மிஞ்சியிருந்தன: 12 பெண், 2 ஆண். அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து டியேகோ என்ற ஆண் வந்து சேர, 15. ஆண்கள் மூன்றே என்பதால், மரபணுக் கணக்கில் அந்தப் பதினைந்தின் மதிப்பு, ஆணும் பெண்ணும் சமமாக இருக்கும் சுமார் 10 ஆமைகளின் மதிப்புதான். குஞ்சுகளில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு டியேகோவும், மீதியில் பெரும்பகுதிக்கு இன்னொரு ஆணும் தந்தை என்பதால் உண்மை மதிப்பு அதற்கும் கீழே. ஆனாலும் இந்த ஆமைகளைப் பாதுகாப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைத்த திட்டம் 2020-இல் முடிந்தபோது ஆமைகள் 2,000-ஐத் தாண்டியிருந்தன. மரபணு வேறுபாடு குறைந்தால் அழிவு நிச்சயம் என்று கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

தீவுக்குப் போனால் ஊர்வன பெருத்துவிடும் என்பதற்கு, இந்தோனேசியத் தீவுகளில் வாழும் பெரிய கொமோடோ உடும்பைக் காட்டுகிறார்கள். இதுவும் தவறு. ஆஸ்திரேலியாவில் கிடைத்த புதைபடிவங்கள், அந்தத் தீவுகளுக்குப் போவதற்கு முன்பே அது அங்கே பெரிதாக இருந்ததைக் காட்டுகின்றன.

கடைசியாக, தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர்தான் என்ற எண்ணம். ஸ்வீடனின் தெற்கே ஸ்மைகஹுக் என்ற இடத்தில் விரியன் வகைப் பாம்புகள் சில, விளைநிலங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலத்தில் மாட்டிக்கொண்டன. உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, பல குட்டிகள் செத்தே பிறந்தன. 1992-இல் வேறிடத்திலிருந்து 20 ஆண் பாம்புகளைக் கொண்டுவந்து விட்டு, நான்கு இனப்பெருக்கப் பருவம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் மீண்டுவிட்டது.

எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் சாலைக்கும் சுவருக்கும் இடையில் மிஞ்சியிருக்கும் மணல் திட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாம்புகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வைத்திருக்கும் நட்சத்திர ஆமையை அங்கே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். வடமேற்கு இந்தியாவின் நட்சத்திர ஆமைகளும் தெற்கின் ஆமைகளும் மரபணுவில் வேறுபட்டவை. தெரியாமல் கலந்தால் பிரிக்க முடியாது, நோயும் பரவும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.