பட்டா மாறுதல் மனுக்களைக் கணினி வழியில் நிர்வகிப்பது எப்படி?

வட்டாட்சியர் அலுவலகத்தின் மனு நிர்வாகத்தைக் கணினிக்கு மாற்ற விரும்புவோர், மென்பொருளைத் தேடும் முன், ஒரு பட்டா மாறுதல் மனு கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், வட்டாட்சியர் என எந்த மேசையில் எத்தனை நாள் தங்குகிறது என்பதைத் தாளில் வரைந்து பார்க்க வேண்டும். தேவையற்ற படிநிலைகளை நீக்காமல் கணினியை வைத்தால், பழைய தாமதமே திரையில் தெரியும். வணிக நிறுவனங்களிடமிருந்து அரசு நிர்வாகம் முதலில் கற்க வேண்டியது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு கவனமும் தேவை. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில் உள்ளன. அவற்றை ஸ்கேன் செய்யும்போது, மலையாளம் படிக்கத் தெரிந்த மூத்த ஊழியர் ஒருவரை உடன் அமர்த்தி, பழைய சர்வே எண், வீட்டுப் பெயர், இன்றைய புல எண் ஆகியவற்றைத் தமிழில் பதிந்து, மூலப் படத்தோடு இணைக்க வேண்டும். வீட்டுப் பெயரை விட்டுவிட்டால், ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிவது கடினமாகிவிடும்.

பின்னர் ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண்ணும், ஒரு பொறுப்பாளரும், ஒரு கெடு நாளும் குறிக்கப்பட வேண்டும். மனுவை நிராகரித்தால் காரணத்தை முழு வாக்கியமாக எழுதுங்கள். கடலுக்குப் போய்த் திரும்பும் குளச்சல் மீனவர், அதைக் கைபேசியில் படித்தே அடுத்து எந்த ஆவணத்தை இணைக்க வேண்டும் என அறிய வேண்டும்.