எச்டிஎம்ஐ ஆடியோ: ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஏ.வி. ரிசீவரோடு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) இணைத்துப் படம் பார்க்க நினைக்கிறவர்கள் அடிக்கடி போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். ஆள் மாறினாலும் சிக்கல் மாறுவதில்லை. நான் தொடங்கிய காலத்தில் எங்கெங்கே மாட்டிக்கொண்டேனோ, அங்கேயேதான் இவர்களும் நிற்கிறார்கள். கேபிள் சரியாகச் சொருகியிருக்கிறதா, மியூட்டில் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

தனியாக சவுண்ட் கார்டு வாங்குவது

மற்ற தவறுகளில் பெரும்பாலும் நேரம்தான் வீணாகும். இதில் பணம் போகிறது. அதனாலேயே இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

தம்பி முறையில் உள்ள ஒருவன் ஒருநாள் கூப்பிட்டான்.

"அண்ணே, 7.1 சவுண்ட் கார்டு வாங்கி மாட்டிட்டேன். ரிசீவர்ல இன்னும் ஸ்டீரியோன்னுதான் காட்டுது."

"ரிசீவருக்குக் கேபிள் எங்கேருந்து போகுது?"

"கிராபிக்ஸ் கார்டுலேருந்து, எச்டிஎம்ஐ."

"அப்ப அந்த சவுண்ட் கார்டுலேருந்து எந்தக் கேபிள் போகுது?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. எதுவும் போகவில்லை.

எச்டிஎம்ஐயில் படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகின்றன. படத்தின் பிக்சல்கள் வராத சிறு இடைவெளிகளில் ஒலித் தரவைச் செருகித்தான் அனுப்புகிறார்கள். அந்தச் சிக்னலை உருவாக்குவது கிராபிக்ஸ் சிப். ஆகவே ஒலியும் அங்கேயே சேர வேண்டும். அதற்காக அந்தச் சிப்புக்குள்ளேயே ஓர் ஆடியோ பகுதி இருக்கிறது. விண்டோஸின் சவுண்ட் பட்டியலில் என்விடியா ஹை டெஃபனிஷன் ஆடியோ, ஏஎம்டி ஹை டெஃபனிஷன் ஆடியோ, இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ என்று ஏதாவது ஒரு பெயர் தெரியுமே, நீங்கள் தேடி அலையும் எச்டிஎம்ஐ சவுண்ட் கார்டு அதுதான். ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

தனியாக வாங்கி மதர்போர்டில் மாட்டிய கார்டு இந்தப் பாதையிலேயே இல்லை. பெட்டியின் மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று என்னதான் அச்சடித்திருந்தாலும், டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் வேலை ரிசீவருக்குள் நடக்கிறது. கார்டில் இருக்கும் நல்ல கன்வெர்ட்டர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. 2008 வாக்கில் பல என்விடியா கார்டுகளுக்கு, மதர்போர்டிலிருந்தோ சவுண்ட் கார்டிலிருந்தோ டிஜிட்டல் ஒலியைக் கொண்டுபோகும் ஒரு சின்ன எஸ்பிடிஐஎஃப் வயரை இழுத்துச் சொருகினால்தான் எச்டிஎம்ஐயில் ஒலி வரும். அதே ஆண்டு வந்த ரேடியான் எச்டி 4000 வரிசை எட்டு சேனல் எல்பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) அனுப்பியது; ஆனால் தரம் குறையாமல் சுருக்கிய ஒலி வடிவங்களான டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டையும் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்ப அதனால் முடியாது. அந்தக் குறைக்காகத்தான் ஆசுஸ் ஸோனார் எச்டிஏவி 1.3 போன்ற கார்டுகள் வந்தன. கிராபிக்ஸ் கார்டின் படத்தை உள்ளே வாங்கி, ஒலியைச் சேர்த்து வெளியே அனுப்பும். 2009 செப்டம்பரில் ரேடியான் எச்டி 5000 வரிசை அந்த வேலையைத் தானே செய்தது. 2010-இல் இன்டெல் சிப்புகளும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 460-உம் பின்னாலேயே வந்தன. தனிக் கார்டின் தேவை அதோடு முடிந்தது.

அந்தக் காலத்து வழிகாட்டிக் குறிப்புகள் மட்டும் முடியவில்லை. அவற்றைப் படித்துவிட்டு பழைய எச்டிஏவி கார்டை செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எச்டிஎம்ஐ 1.3. அதன் வழியாக 4கே படம் போகாது.

நம்ம தம்பி அதோடு விட்டானா? "சரி, வாங்கினதுக்கு யூஸ் பண்ணுவோம்" என்று அந்தக் கார்டிலிருந்து ஆப்டிகல் கேபிள் ஒன்றை ரிசீவருக்கு இழுத்தான். ஆப்டிகலில் இரண்டு சேனல் எல்பிசிஎம் போகும், அல்லது சுருக்கப்பட்ட 5.1 டால்பி டிஜிட்டலோ டிடிஎஸ்ஸோ போகும். ட்ரூஎச்டி போகவே போகாது. மேலும் காசு கொடுத்து, எச்டிஎம்ஐயில் இலவசமாகக் கிடைத்ததைவிடக் குறைவான ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரரும் பிரித்த பெட்டியைத் திருப்பி வாங்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல சென்டர் ஸ்பீக்கர் வந்திருக்கும். படத்தில் வசனம் முக்கால்வாசி அதிலிருந்துதான் வருகிறது.

ஹெட்போன், அனலாக் ஸ்பீக்கர், எச்டிஎம்ஐ இல்லாத பழைய ரிசீவர் இவற்றுக்கு சவுண்ட் கார்டு வாங்கலாம். தப்பில்லை.

டிவி வழியாக ரிசீவருக்குப் போவது

கம்ப்யூட்டரை டிவியில் சொருகி, அங்கிருந்து ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குக் கொண்டுபோவார்கள். கேபிளின் மறுமுனையில் இருக்கும் கருவி "எனக்கு இன்னின்ன வடிவம் தெரியும்" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பல டிவிகள் இரண்டு சேனல் என்றுதான் சொல்லும். விண்டோஸும் ஸ்டீரியோவை மட்டும் காட்டும். இது தெரியாமல் டிரைவரை அழித்து அழித்து ஏற்றுவார்கள். இரண்டு பக்கமும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருந்தால் நிலைமை பரவாயில்லை, ஆனாலும் டிவியின் தயவில்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர், ரிசீவர், டிவி என்ற வரிசையே நல்லது.

ரிசீவர் பழையது, 60 ஹெர்ட்ஸ் 4கே அதில் போகாது என்றால் இரண்டு கேபிள் போடுங்கள்: டிவிக்குப் படத்துக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒலிக்கு ஒன்று. விண்டோஸ் ரிசீவரை இரண்டாவது மானிட்டர் என்று நினைத்துக்கொள்ளும். மவுஸ் அந்த இல்லாத திரைக்குள் போய்த் தொலையும். டிஸ்ப்ளே செட்டிங்கில் அந்தத் திரையை இழுத்து, முதல் திரையின் மூலையை மூலை தொடுவதுபோல வையுங்கள். மவுஸ் தெரியாமல் அந்தப் பக்கம் போகாது.

விண்டோஸை ஸ்டீரியோவிலேயே விடுவது

பழைய கன்ட்ரோல் பேனல், சவுண்ட், கன்ஃபிகர் என்று போய், உங்கள் ஸ்பீக்கர்களுக்கு ஏற்ப 5.1 அல்லது 7.1 என்று மாற்றுங்கள்.

ஆடியோ டிரைவரை டிக் எடுத்துவிடுவது

கிராபிக்ஸ் டிரைவர் ஏற்றும்போது எச்டி ஆடியோ என்று ஒரு பெட்டி வரும். "நமக்குத்தான் மதர்போர்டுல ரியல்டெக் சவுண்ட் இருக்கே" என்று டிக்கை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு டிஃபால்ட் டிவைஸ் மாறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

பிட்ஸ்ட்ரீமா, எல்பிசிஎம்மா என்று மல்லுக்கட்டுவது

பிட்ஸ்ட்ரீம் என்றால் சுருக்கிய ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது, பாஸ்த்ரூ என்பதும் அதுதான்; எல்பிசிஎம் என்றால் கம்ப்யூட்டரே பிரித்து அனுப்புவது. ட்ரூஎச்டியைக் கம்ப்யூட்டர் பிரித்தாலும் ரிசீவர் பிரித்தாலும் கிடைப்பது அதே ஒலிதான். மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் வடிவங்கள் இருந்தால் மட்டும் கதை வேறு. கம்ப்யூட்டர் பிரித்தால் ஒலிகளின் இடத்தைச் சொல்லும் தகவல் கழன்றுபோய், மேலே இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஒன்றும் வராது. கூரையில் ஸ்பீக்கர் மாட்டியிருப்பவர்கள் பாஸ்த்ரூவை ஆன் செய்யுங்கள், வெறும் 5.1 வைத்திருப்பவர்கள் எல்பிசிஎம்மில் நிம்மதியாக இருக்கலாம்.

கோடி என்ற வீடியோ பிளேயரில் பாஸ்த்ரூ போடும்போது உங்கள் ரிசீவருக்குத் தெரிந்த வடிவங்களை மட்டும் டிக் செய்யுங்கள். எல்லாவற்றையும் டிக் செய்தால் சில படங்களில் சத்தமே வராது, அல்லது காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். பாஸ்த்ரூவில் கம்ப்யூட்டரின் வால்யூம் வேலை செய்யாது. அது கோளாறு இல்லை, ரிசீவர் ரிமோட்டை எடுங்கள்.

ஆன் செய்யும் வரிசை

டிவி, ரிசீவர், கடைசியில் கம்ப்யூட்டர்.

விலை உயர்ந்த தங்க முலாம் கேபிள்

வேண்டாம்.

கம்ப்யூட்டர் திரையை மட்டும் நம்புவது

எல்லாம் சரியா என்று தெரிய ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். ட்ரூஎச்டி படம் ஓடும்போது அந்தப் பெயரோ, எல்பிசிஎம்மாக அனுப்பினால் மல்டி சேனல் என்றோ அதில் வர வேண்டும். ஸ்டீரியோ என்று வந்தால் விண்டோஸ் என்ன சொன்னாலும் ஸ்டீரியோதான். பெயர் சரியாக வந்தும், படத்தைத் தொடங்கும்போதோ நிறுத்தி ஓட்டும்போதோ முதல் ஓரிரு நொடி ஒலி காணாமல் போனால், ரிசீவர் ஒவ்வொரு தடவையும் சிக்னலைப் புதிதாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். கோடியின் ஆடியோ செட்டிங்கில், ஆடியோ டிவைஸை விழிப்பிலேயே வைத்திருக்கும் தேர்வை எப்போதும் என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.