ஒரே பஃபரில் கலந்து வரும் ஜேபெக், யூஒய்விஒய்: பிரிக்கும் வழி

பினாங்கு பாயான் லெப்பாஸில் கேமரா மென்பொருள் எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது கட்டாயம் பயன்படும். சாம்சங் எஸ்5சி73எம்3 போன்ற சென்சார்கள் ஜேபெக் படத்தையும் யூஒய்விஒய் (சுருக்கப்படாத பட வடிவம்) வரிகளையும் ஒரே பஃபரில், அதாவது தற்காலிக நினைவகப் பகுதியில், கலந்தே அனுப்பக்கூடியவை. லினக்ஸில் இதற்கென இரண்டு தளங்கள் (plane, தனித்தனி தரவுப் பகுதிகள்) கொண்ட தனி வடிவம் இருக்கிறது; கலந்த படத்தரவு முதல் தளத்தில் இருக்கும்.

ஜேபெக்கின் தொடக்கக் குறியைத் தேடிப் பிரிக்க முயலாதீர்கள். முதல் தளம் இரண்டில் எதைக் கொண்டும் தொடங்கலாம். ஜேபெக் துண்டின் நீளமும் வரிக்கு வரி மாறும். இரண்டாம் தளத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதில் 4084 பைட் தள்ளி நான்கு பைட் எண் ஒன்று உள்ளது. முதல் தளத்தில் வரிகளின் அட்டவணை எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்லும். அடுத்த நான்கு பைட், அட்டவணையின் அளவு. அட்டவணையிலோ யூஒய்விஒய் படத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதிவு; அந்த வரி முதல் தளத்தில் எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்லும். வரியின் நீளம் அகலத்தின் இரு மடங்கு: 640 பிக்சல் என்றால் 1280 பைட். அவ்வரிகளைத் தனி பஃபருக்கு நகலெடுங்கள். வரிகளுக்கு இடையில் இருப்பவற்றை வரிசை மாறாமல் ஒட்டினால் ஜேபெக் முழுதாகக் கிடைத்துவிடும்.

எண்கள் எல்லாம் பிக் எண்டியன், அதாவது உயர்மதிப்பு பைட் முதலில் வரும்; லிட்டில் எண்டியன் இதற்கு நேர்மாறு. ஆர்ம் பலகைகளில் லினக்ஸ் பெரும்பாலும் லிட்டில் எண்டியனாக ஓடுவதால் பைட் வரிசையை மாற்றியே படிக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் தளத்தின் அளவுக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே நகலெடுங்கள். இதில் சமரசம் கூடவே கூடாது. அட்டவணையின் இடம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறலாம், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியுங்கள்.